கார் வித்த ஹால் கல்யாண மண்டபம் ஆனா தரை தாங்குமா?

மலை ஊர்ல ஒரு பழைய கட்டடம் ஒரு காலத்துல கார் வித்த இடமான்னு தெரிஞ்சுக்க போர்டு எல்லாம் தேவையில்ல. வாசல்ல படி இருக்காது, ரோட்டுல இருந்து சின்ன சரிவா உள்ள போகும், முன்பக்கம் அகலமா ஷட்டர் இல்லன்னா பெரிய கண்ணாடி, உள்ள நுழைஞ்சா நடுவுல ஒரு தூண் கூட நிக்காது, அண்ணாந்து பார்த்தா மரத்துலயோ இரும்புலயோ முக்கோணம் முக்கோணமா கட்டின கூரைச் சட்டம், அதாவது டிரஸ், பின்பக்கம் தரையில, காருக்கு அடியில வேலை பார்க்க ஆள் இறங்கி நிக்கிற அளவுக்கு நீளமா ஒரு பள்ளம் (பிட்) இல்லன்னா பிட்டை மூடின தடம். ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் இப்படி ஒரு ஹாலை பார்த்தீங்கன்னா, இப்ப அதுக்குள்ள ஃபர்னிச்சர் கடையோ காய்கறி குடோனோ கல்யாண மண்டபமோ நடந்தாலும் சரி, கொஞ்சம் நின்னு பாருங்க. அது முழுக்க காருக்காக போட்ட கணக்கு. அந்தக் கணக்கு தெரியாம வேற வேலைக்கு மாத்துறதுதான் எனக்குக் கவலை.

முதல்ல தூண் ஏன் இல்லன்னு பார்ப்போம். அந்தக் கால கார் ஒரு முழு வட்டம் திரும்பவே பத்து, பதினோரு மீட்டர் இடம் வேணும், நடுவுல தூண் வந்தா கதை முடிஞ்சுது. சரி, சுவருக்கு சுவர் 12 மீட்டருக்கு ஒரே உத்தரம் போட்டுடலாமேன்னா, உத்தரம் வளையும்போது மேல்பக்கம் நசுங்கும், அடிப்பக்கம் இழுபடும், நடுப்பகுதி பெருசா வேலை செய்யாது ஆனா அதோட எடையையும் சேர்த்து சுமக்கணும். மீட்டருக்கு அதே பாரம், அதே உத்தரம்னு வச்சுக்கிட்டா, நீளம் ரெண்டு மடங்கு ஆகும்போது வளைக்கிற திருப்புத்திறன் 4 மடங்கு ஆகும், நடுவுல தொங்குற தொய்வு 16 மடங்கு ஆகும். டிரஸ் என்ன பண்ணுதுன்னா, சும்மா இருக்கிற அந்த நடுப்பகுதியை எடுத்துட்டு முக்கோணமா கட்டுது, முக்கோணத்தோட பக்கம் நீளாம குறுகாம அதோட வடிவம் மாறவே முடியாது, அதனால ஒவ்வொரு கட்டையும் இழுவிசையோ அழுத்தமோ மட்டும் வாங்கிக்கும். இதுல அடியில படுத்திருக்கிற கட்டைதான் ரெண்டு சுவரையும் வெளிய சாயாம இழுத்துப் பிடிச்சிருக்கு. பரண் போட இடைஞ்சலா இருக்குன்னு அதை அறுத்துடாதீங்க, கூரை கொஞ்சம் கொஞ்சமா சுவரை வெளிய தள்ள ஆரம்பிச்சுடும்.

பின்னாடி ஒர்க்‌ஷாப் எல்லா ஊர் டீலர்கிட்டயும் இருந்ததுதான், ஆனா மலையில அதுக்கு இன்னொரு பெரிய காரணம் இருக்கு. 1928ல ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில கார் அசெம்பிள் பண்ண ஆரம்பிச்ச காலத்துல இருந்து அம்பாசிடர் காலம் வரைக்கும் பெட்ரோல் கார் பெரும்பாலும் கார்புரேட்டர் வண்டிதான், அதாவது காத்தையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற கருவி வச்சது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்க காத்தோட அடர்த்தி கடல் மட்டத்தை விட சுமார் 20 சதவீதம் கம்மி. கார்புரேட்டர் உள்ள போற காத்தோட வேகத்தை வச்சு பெட்ரோலை உறிஞ்சுது, காத்து எவ்வளவு லேசுன்னு அதுக்குத் தெரியாது, அதனால கலவையில பெட்ரோல் பத்து சதவீதத்துக்கு மேலயே கூடிப் போயிடும், கரும்புகை, பிளக்ல கரி, இழுவையும் இருக்காது. இதுக்கு பெட்ரோல் வர்ற துளையை, அதாவது ஜெட்டை, சின்னதா மாத்தணும். போதாததுக்கு ஊட்டியில தண்ணி சுமார் 92 டிகிரியிலயே கொதிக்கும், மேட்டுப்பாளையத்துல இருந்து கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வந்த ரேடியேட்டர் சீக்கிரமே பொங்கும். ஆக மலையில காரை வித்தா மட்டும் போதாது, அந்த உயரத்துக்கு டியூன் பண்ணியும் கொடுக்கணும், அதுக்குத்தான் அவ்வளவு பெரிய பின்கட்டு. 1983ல மாருதி வந்து, அப்புறம் கம்ப்யூட்டரே கலவையை சரிபண்ற இன்ஜெக்‌ஷன் வண்டி வந்த பிறகு இந்த வேலையே இல்லாம போச்சு.

இனிமே எடை, இதுதான் முக்கியம். சரிவுல கட்டின கட்டடம் மேல் ரோட்டுல இருந்து பார்த்தா ஒரு தளம், கீழ் ரோட்டுல இருந்து பார்த்தா ரெண்டு தளம். மேல ஷோரூம், கீழ ஒர்க்‌ஷாப்னு இருந்தா ஷோரூம் தரை மண்ணு மேல உக்காந்திருக்காது, அந்தரத்துல நிக்குற தளம். கார் நின்ன தரையாச்சே எதையும் தாங்கும்னு எல்லாரும் நம்புறாங்க, தப்பு. அம்பாசிடர் சுமார் 1,100 கிலோ, அது அடைக்கிற இடம் 7 சதுர மீட்டருக்கு கொஞ்சம் மேல, அப்ப சதுர மீட்டருக்கு 155 கிலோதான் வருது. பந்தி வாசல்ல நெருக்கி நிக்குற கூட்டத்துல சதுர மீட்டருக்கு 5 பேர் சாதாரணமா நிப்பாங்க, ஆளுக்கு 60 கிலோன்னா 300 கிலோ. காரை விட ஜனங்க ரெண்டு மடங்கு கனம்! கட்டடம் எவ்வளவு பாரம் தாங்கணும்னு சொல்ற இந்தியத் தர விதி ஐ.எஸ். 875ம் இதையேதான் சொல்லுது, சின்ன வண்டி நிறுத்துற கராஜ் தரைக்கு சதுர மீட்டருக்கு சுமார் 250 கிலோ கணக்கு, நிலையான சீட் இல்லாத கூட்ட ஹாலுக்கு 500. புத்தக அலமாரி வரிசையா வைக்கிற லைப்ரரிக்கு அதுக்கும் மேல. காரோட பாரம் நாலு சக்கரத்துல குவியுது, அது வேற பிரச்சனை, ஆனா தளம் மொத்தமா தாங்கணும்னா கூட்டம்தான் கடினமான பரீட்சை. அதனால மேல் தளத்தை மண்டபம் ஆக்குறதுக்கு முன்னாடி ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை கூப்பிட்டு காட்டுங்க, கீழ் தளம் மண்ணு மேல இருந்தா இந்த பயம் கிடையாது.

மண்டபத்துல இன்னொரு தொல்லை எதிரொலி. ஹார்வர்டுல இயற்பியலாளர் வாலஸ் சபைன் 1890கள்ல கண்டுபிடிச்ச கணக்குப்படி, ஒலி தேயுற நேரம்னா ஹாலோட கன அளவை 0.161 ஆல பெருக்கி, ஒலியை உறிஞ்சுற பரப்பால வகுக்கணும். 20க்கு 12 மீட்டர், 5 மீட்டர் உயரம், சிமெண்ட் தரை, பூசின சுவர்னா காலி ஹால்ல கிட்டத்தட்ட 8 விநாடி வருது. 200 பேர் வந்து உக்காந்தா 2 விநாடிக்குள்ள இறங்கிடும், ஏன்னா நம்ம உடம்பும், ஊட்டிக்குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரும் சால்வையும் நல்லாவே உறிஞ்சும். ஆனா பேச்சு தெளிவா கேக்கணும்னா ஒரு விநாடி பக்கம் வரணும், அதுக்கு கனமான திரைச்சீலை, மேல பலகைக்குப் பின்னாடி பஞ்சு மாதிரி ஏதாவது போடணும். ஃபர்னிச்சர் கடைக்கு இந்தக் கவலையே இல்ல, சோபா மெத்தையே வேலையை முடிச்சுடும்.

பிட்டுக்கு வருவோம். பெட்ரோல் ஆவி காத்தை விட மூணு நாலு மடங்கு கனம், அதனால பள்ளத்துலதான் போய் தேங்கும், மைனஸ் 40 டிகிரியிலயே தீப்பிடிக்கிற அளவு ஆவி வரும்ங்கறதால மலைக்குளிர் நம்மள காப்பாத்தாது. இப்ப அங்க கார் இல்ல, ஆனா சில இடத்துல பழைய பெட்ரோல் டேங்க் மண்ணுக்குள்ளயே விட்டிருப்பாங்க. தேயிலை வளர்ற மண்ணு அமிலத்தன்மை, ஈரமும் ஜாஸ்தி, இரும்பு சீக்கிரம் அரிக்கும், மிச்சம் மீதி கசிஞ்சா பெட்ரோல் தண்ணிக்கு மேல மிதந்து சரிவோட போய் கீழ இருக்கிற ஊத்துலயும் கிணத்துலயும் வாசனை காட்டும். அதனால பழைய மோட்டார் ஹாலை வாங்குறவங்க டைல்ஸ் போடுறதுக்கு முன்னாடி, முன்வாசல்ல தரைக்கு மேல துருத்திக்கிட்டு இருக்கிற பழைய இரும்புப் பைப்போ மூடியோ இருக்கான்னு பாருங்க, இருந்தா கட்டிங் மெஷினையோ வெல்டிங்கையோ அது பக்கம் கொண்டு போகாம, டேங்க் காலி பண்ணி ஆவி எடுக்கத் தெரிஞ்சவங்களை முதல்ல வரவழைங்க.