வெயில் ஊரில் பனிக்கட்டி

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “ரொறன்ரோவில் இருக்கும் என் மருமகன் தனியார் விமானி உரிமம் எடுத்துவிட்டான். பழைய செஸ்னா 172 என்ற சிறிய விமானம் ஒன்று வாங்கப் பார்க்கிறான். எஞ்சினுக்குப் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் காபரேற்றரில் பனி பிடிக்கும், கவனம் என்று பயிற்றுநர் சொன்னாராம். அது அங்குள்ள குளிருக்குத்தானே? நாளைக்குப் பலாலியில் அவன் விமானம் ஓட்டினால் அந்தப் பயம் இராது அல்லவா?”

இருக்கும். ரொறன்ரோவின் கடுங்குளிர் நாள்களை விட இங்கேதான் கூடுதலாகக்கூட இருக்கலாம்.

முதலில், தெரிவு நல்லதுதான். 1955இல் முதன்முதலாகப் பறந்த 172, நாற்பதாயிரத்துக்கு மேல் செய்யப்பட்டது. உதிரிப்பாகம் கிடைக்கும், பழுது பார்க்கத் தெரிந்தவர் கிடைப்பார். இறக்கை மேலே இருப்பதால் பெற்றோல் தன் பாரத்திலேயே எஞ்சினுக்கு இறங்கும். நம் ஊர் வெயிலுக்கு நிழலும் ஆயிற்று. இனி, எனக்குப் பிடித்த விடயத்துக்கு வருகிறேன்.

போரின்போது இருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய எங்கள் தலைமுறைக்குக் காபரேற்றரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. காற்று ஓர் ஒடுங்கிய கழுத்துக்குள் விரைகிறது, அங்கே அழுத்தம் குறைகிறது, அந்த உறிஞ்சலில் பெற்றோல் சிதறி வந்து ஆவியாகிறது. ஊசி போடுமுன் தாதி தடவும் ஸ்பிரிட் ஏன் குளிர்கிறது? ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை அது தோலிலிருந்து எடுக்கிறது. பெற்றோல் அதைக் காற்றிடமிருந்து எடுக்கிறது. காற்று விரிவதாலும் வெப்பம் குறைகிறது. இரண்டும் சேர்ந்தால் காபரேற்றருக்குள் வெப்பநிலை 20, 30 பாகை செல்சியஸ் குறைந்துவிடும். வெளியே 25 பாகை என்றால் உள்ளே உறைநிலை!

உறைவதற்கு ஈரம் வேண்டும். கடுங்குளிர்க் காற்றில் ஈரம் மிகக் கொஞ்சம். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த எங்கள் குடாநாட்டுக் காற்றில் அதற்குக் குறைவில்லை. 21 பாகைக்குக் கீழே, ஈரப்பதன் 80 சதவீதத்துக்கு மேலே என்றால் ஆபத்து அதிகம். 38 பாகை வெயிலிலும் பனி பிடிக்கக்கூடும். தரையிறங்க வலுவைக் குறைக்கும்போதுதான் நிலைமை மோசம். காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் வட்டத் தகடு அப்போது ஏறக்குறைய மூடிக் கிடக்கும். மீதி இடுக்கை அடைக்கக் கொஞ்சப் பனி போதும்.

மருந்து எளிது. ஒரு குமிழை இழுத்தால் புகைக்குழாயைச் சுற்றிச் சூடான காற்று காபரேற்றருக்குள் வரும். ஆனால் சூடான காற்று ஐதானது, பனியால் ஏற்கெனவே குறைந்த எஞ்சினின் சுற்று வேகம் இன்னும் குறையும். பிறகு பனி உருகி நீர் உள்ளே போக, எஞ்சின் இருமும், உதறும். புதிய விமானி பயந்துபோய்க் குமிழைத் திரும்பத் தள்ளிவிடுவது இந்த இடத்தில்தான். தள்ளக்கூடாது. பொறுத்தால் சுற்று ஏறும். எஞ்சின் நின்றுவிட்டாலோ புகைக்குழாய் ஆறத் தொடங்கிவிடும். பிறகு சூட்டுக்கு எங்கே போவது?

1996க்குப் பின் வந்த 172களில் காபரேற்றர் இல்லை. சூடான சிலிண்டரின் வாயிலிலேயே பெற்றோல் பீச்சப்படுகிறது. இந்தப் பனி பிடிக்காது. ஆனால் ஓடி நின்ற எஞ்சினை நண்பகல் வெயிலில் அரை மணி நேரம் விட்டுவிட்டு மீண்டும் இயக்கிப் பாருங்கள், குழாய்க்குள்ளேயே பெற்றோல் ஆவியாகி முரண்டு பிடிக்கும். விலையும் அதிகம். என் ஓட்டு காபரேற்றர் உள்ள பழைய லைக்கோமிங் நிறுவன எஞ்சினுக்கே. அதன் காபரேற்றர் சூடான எண்ணெய்த் தொட்டியின் அடியில் பொருத்தப்பட்டிருப்பதால், இன்னும் பழைய 172களின் கொன்டினென்டல் எஞ்சினை விடப் பனி குறைவாகவே பிடிக்கும்.

புது வாகனத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சில்லுக்கடியில் தேசிக்காய் வைப்பதில் நாங்கள் காட்டும் கவனத்தில் பாதியையாவது, வாங்குமுன் விற்பவருக்கு வேண்டியவரல்லாத ஒரு பொறியாளரிடம் விமானத்தைக் காட்டுவதில் செலவிட்டால் நல்லது. தேசிக்காய்க்கு நான் எதிரியல்லன்; அதற்குச் சிலிண்டரின் அழுத்தம் பார்க்கத் தெரியாது, அவ்வளவுதான்.

பொறியாளர் வருமுன் மருமகனே ஒன்று செய்யலாம். தரையில் எஞ்சினை ஓடவிட்டு அந்தக் குமிழை இழுக்கட்டும். சுற்றுக்காட்டும் ஊசி சற்று இறங்க வேண்டும். அசையவில்லை என்றால் சூடான காற்று உள்ளே வரவில்லை. அதைத் திருத்தும்வரை விலை பேச வேண்டாம்.