கம்பெனி ஆண்டெனா கேபிளை வெட்டாதீர்கள்

பழைய வண்டி வாங்கி, உள்ளே ரேடியோ செட்டை மட்டும் மாற்ற வருகிறவர்கள் எங்கள் கடையில் கேட்பது இதைத்தான்: "அண்ணா, கூரையில ஏற்கெனவே ஆண்டெனா இருக்கே, புது செட்டுக்கு அதையே போட்டுக்கலாமா?" தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓடும் சிரியஸ்எக்ஸ்எம் சாட்டிலைட் ரேடியோவுக்கு, கடையில் விற்கும் காந்த ஆண்டெனாவைவிடக் கம்பெனி ஃபிட்டிங்காக வந்த ஆண்டெனாவே பல வண்டிகளில் மேல். அதைப் புது ரிசீவரோடு சேர்க்கிற இடத்தில்தான் கோளாறே நடக்கிறது.

அண்மையில் வந்த ஒரு பிக்கப் டிரக்கைச் சொல்கிறேன். வேறெங்கோ செட் மாற்றியிருந்தார்கள். நகரத்துக்குள் ரேடியோ நன்றாகப் பாடுகிறது, ஹைவேயில் கொஞ்ச தூரம் போனால் நின்றுவிடுகிறது. "ஆண்டெனாவைச் சரிபார்" என்ற எச்சரிக்கையும் திரையில் வரவில்லை. டேஷ்போர்டைக் கழற்றினால் விஷயம் தெரிந்தது. ஆண்டெனா கேபிளின் முனையில் இணைப்புக்காக இருந்த மஞ்சள் கப்ளரை நறுக்கி எறிந்துவிட்டு, நடுக்கம்பியை நடுக்கம்பியோடும், அதைச் சுற்றியிருக்கும் வெளிவலையை வெளிவலையோடும் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி வைத்திருந்தார்கள். ஸ்பீக்கர் ஒயருக்கு இது போதும். இந்தச் சிக்னல் வருவது 2320 முதல் 2345 மெகாஹெர்ட்ஸ் வரை. அந்த அலைவரிசையில், வெளிவலை விலகி நிற்கிற ஓர் அங்குலம்கூட வரும் சிக்னலில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

அப்படியானால் எச்சரிக்கை ஏன் வரவில்லை? கூரையில் இருப்பது வெறும் கம்பி அல்ல. அதற்குள் சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருக்கிறது. அதற்கான மின்சாரத்தை, பெரும்பாலும் 5 வோல்ட்டை ஒட்டி, ரிசீவர் அதே கேபிள் வழியாக மேலே அனுப்புகிறது. மின்சாரம் போய்ச் சேர்ந்தால் ஆண்டெனா இருப்பதாக ரிசீவர் நம்பிக்கொள்ளும். முறுக்கிய ஒயரில் மின்சாரம் போகும், சிக்னல்தான் திரும்பி வராது. நகரத்துக்குள் பாடியதற்குக் காரணம் வேறு. கட்டடங்கள் சாட்டிலைட்டை மறைக்கும் என்று பெரிய நகரங்களில் அதே நிகழ்ச்சியைத் தரையிலிருந்து திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர்கள் வைத்திருக்கிறார்கள், அவற்றின் சிக்னல் பலமானது. ஆகவே, வேலை முடிந்ததும் கடை வாசலிலேயே போட்டுக் காட்டினால் "சரி" என்று வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள். நகரத்தைத் தாண்டி, தெற்கே வானம் மறைக்காத இடத்தில் ஓட்டிப் பாருங்கள்.

இவ்வளவையும் தவிர்க்க ஒரு சின்ன அடாப்டர் போதும். பல வண்டிகளில் கூரையிலிருந்து வரும் கேபிளின் முனையில் ஃபக்ரா என்ற கப்ளர் இருக்கும். சாட்டிலைட் ரேடியோவுக்கு அதில் கே வகை, மங்கலான மஞ்சள் நிறம். தனியாக வாங்கும் ரிசீவரில் எஸ்எம்பி என்ற சிறிய சாக்கெட் இருக்கும். ஃபக்ரா–எஸ்எம்பி அடாப்டர் என்று கேட்டால் கிடைக்கும், ஆண் முனையா பெண் முனையா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். பக்கத்திலேயே நீல நிறக் கப்ளர் இருந்தால் அது ஜிபிஎஸ், அதைத் தொட வேண்டாம். ஜப்பானிய வண்டிகள் சிலவற்றில் ஃபக்ராவே இருக்காது, அந்த மாடலுக்கென்று வரும் அடாப்டரைத் தேட வேண்டும். இன்னொன்று, சில வண்டிகளில் கம்பெனி ட்யூனர் தனிப் பெட்டியாக டிக்கியில் இருக்கும். கேபிளும் அங்கேயே முடிந்துவிடும், டேஷ்போர்டில் தேடிப் பயனில்லை.

கூரையில் சுறாத் துடுப்பு மாதிரி ஒன்று நிற்பதாலேயே உள்ளே சாட்டிலைட் ரேடியோ ஆண்டெனா இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஜிபிஎஸ்ஸும் போன் ஆண்டெனாவும் மட்டும் இருக்கலாம். பழைய செட்டைக் கழற்றுவதற்கு முன்பே அதில் எக்ஸ்எம் அல்லது சிரியஸ் பேண்டு வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். (ஊரில் வேர்ல்ட்ஸ்பேஸ் என்ற சாட்டிலைட் ரேடியோ வைத்திருந்த ஒருவர் அந்த ஆண்டெனாவையே கொண்டுவந்து கேட்டார். இந்தியாவில் 2009 முடிவோடு நின்றுபோன அந்தச் சேவை 1.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடியது. இதற்கு உதவாது.)

காந்த ஆண்டெனாவை நான் அவ்வளவாக விரும்பாததற்கு முக்கியக் காரணம் ஏர்பேக். கூரையில் ஒட்டிய ஆண்டெனாவின் கேபிளை முன்பக்கத் தூண் வழியாக இறக்கும்போது, அங்கே மடித்து வைத்திருக்கும் பக்கவாட்டு ஏர்பேக்குக்கு முன்னால் குறுக்கே இழுத்துவிடுகிறார்கள். விபத்தில் ஏர்பேக் விரியும் பாதையில் ஒரு கேபிள் கிடக்கக் கூடாது. கம்பெனி கேபிள் இதையெல்லாம் யோசித்தே போடப்பட்டது. தவிர, 2015-லிருந்து வரும் ஃபோர்டு எஃப்-150 மாதிரி அலுமினிய பாடி வண்டியில் காந்தம் ஒட்டவே ஒட்டாது. கண்ணாடிக் கூரையிலும் அப்படித்தான்.

பழைய செட்டையும் வைத்துக்கொண்டு, ஒரே ஆண்டெனாவில் இரண்டு ரிசீவரை ஓட்ட ஆசைப்படுகிறவர்களும் உண்டு. கேபிள் டிவிக்குப் போடும் ஸ்ப்ளிட்டரைப் போடாதீர்கள். இரண்டு பக்கமிருந்தும் மின்சாரம் வந்து மோதும். ஒரு பக்கம் மட்டும் மின்சாரத்தை விடுகிற, இந்த அலைவரிசைக்கென்றே செய்த ஸ்ப்ளிட்டர் வேண்டும். அப்போதும் மறுபக்க ரிசீவர் ஆண்டெனா இல்லை என்று புலம்பலாம்.

சந்தா ஆண்டெனாவில் இல்லை, ரிசீவரில் இருக்கிறது. ஆகவே எல்லாம் பூட்டியபின் 0-ஆம் சேனலுக்குப் போனால் புது ரிசீவரின் ரேடியோ ஐடி தெரியும். அதைச் சொல்லித்தான் பழைய சந்தாவை மாற்ற வேண்டும். எழுதிக்கொள்ளும்போது கவனம்: அந்த எண்ணில் ஐ, ஓ, எஸ், எஃப் என்ற ஆங்கில எழுத்துகள் வருவதே இல்லை. ஓ மாதிரித் தெரிந்தால் அது பூஜ்ஜியம், எஸ் மாதிரித் தெரிந்தால் 5.