ஏழு கொல்லை, ஒரே மரம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலை, அடுத்த தெரு அத்தை வீட்டு மரத்தின் வேரிலிருந்து கிளம்பிய கன்று. அத்தைக்கு அதைக் கொடுத்தது டோங்காட்டில் இருந்த அவர் மாமியார். எங்களிடமிருந்து இன்னும் நாலு வீட்டுக்குப் போயிருக்கிறது. பார்வைக்கு ஏழு மரம். மரபணுக் கணக்கில் ஒரே மரம்தான். ஒன்றைக் கொல்லும் நோய் வந்தால் ஏழும் போய்விடும்.

இதே நிலையில்தான் டர்பன் தாவரவியல் பூங்காவின் சைக்கட் மரமும் இருக்கிறது. சைக்கட் என்பது பார்வைக்குப் பனை போல இருக்கும், பூ விடாமல் கூம்பு விடும் பழமையான தாவர வகை. 1895இல் அந்தப் பூங்காவின் பொறுப்பாளர் ஜான் மெட்லி வுட், ஓங்கோயே காட்டில் அதைக் கண்டார். ஒரே அடியிலிருந்து நாலு தண்டு. சைக்கட்டில் பனையைப் போல ஆண் வேறு, பெண் வேறு. அவர் கண்டது ஆண். இன்றுவரை இன்னொன்று அகப்படவில்லை. அண்மையில் காட்டின் மேல் ட்ரோன் பறக்கவிட்டும் தேடினார்கள். பக்கக் கன்றுகளைப் பிரித்து நட்டதால் உலகத் தோட்டங்களில் நூற்றுக்கணக்கில் பெருகியிருக்கிறது. ஆரஞ்சு நிறக் கூம்பு விடும், மகரந்தம் கொட்டும். தன் இனத்தில் விதை கிடையாது. பூங்காவுக்குப் போகும்போதெல்லாம் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருவேன்.

ஒரு மரம் இந்த நிலைக்கு எப்படி வருகிறது? அதைப் பார்க்க நாட்டின் வடமேற்கு மூலைக்குப் போகவேண்டும். ஆரஞ்சு ஆற்றை ஒட்டி, நமீபியா எல்லையில் ரிக்டர்ஸ்வெல்ட் பாலைமலைகள். 2007இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். அங்கே பெரிய கோக்கர்பூம் என்ற மரம் வளர்கிறது. கற்றாழைக் குடும்பம்தான், ஆனால் பத்து மீட்டர் உயரம் போகும். அதன் உறவான சாதாரணக் கோக்கர்பூமின் கிளையைக் குடைந்துதான் பழங்குடிகளான சான் மக்கள் அம்பறாத்தூணி செய்தார்கள்.

இந்த மரம் குன்று குன்றாகப் பிரிந்து நிற்கிறது. நடுவில் வெறும் வெப்பச் சமவெளி. ஆகவே ஒவ்வொரு குன்றும் ஒரு தீவு.

ஒரு டப்பாவில் கடுகு நிறையவும் வெந்தயம் கொஞ்சமாகவும் கலந்து வையுங்கள். கண்ணை மூடி ஒரு கை அள்ளினால் இரண்டும் வரும். பத்து விதை மட்டும் எடுத்தால் வெந்தயம் ஒன்றுகூட வராமல் போகலாம். அந்தப் பத்திலிருந்தே அடுத்த டப்பாவை நிரப்பவேண்டும் என்றால் வெந்தயம் போனது போனதுதான். வேண்டாதது என்று யாரும் அதை விலக்கவில்லை, கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். மரபணு நகர்வு என்பது இதுதான். மரங்கள் குறையக் குறைய, ஒவ்வொரு தலைமுறையிலும் இப்படி ஏதாவது ஒன்று நழுவும். நழுவியது கடும் வறட்சியைத் தாங்கும் குணமாகவும் இருக்கலாம். அப்புறம், மிஞ்சியவை எல்லாம் சொந்தக்காரர்கள். சொந்தத்துக்குள்ளேயே கலந்து வரும் விதை பல சமயம் வலுவிழந்திருக்கும். கற்றாழை இனங்களில் பெரும்பாலானவை தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது என்பதால், தனித்து நிற்கும் மரம் பூத்தும் காய்க்காமல் போகலாம்.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. இவை நூறாண்டு தாண்டி வாழும் மரங்கள். குன்றில் நிற்கும் கிழட்டு மரங்களைச் சோதித்தால் மரபணுவில் வகை நிறைய இருக்கலாம். அது பழைய, பெரிய கூட்டம் விட்டுப்போன சொத்து. இன்றைய சரிவு நாற்றுகளில்தான் தெரியும். சில குன்றுகளில் அந்த நாற்றுகளையே காண்பது அரிது: வறட்சி, ஆடு கழுதை மேய்ச்சல், செடித் திருட்டு. அதனால் நின்ற மரத்தை எண்ணிவிட்டுத் திருப்திப்படுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, என்ன செய்யலாம்? ஒரே மரத்தில் ஒரு மூட்டை எடுப்பதைவிடப் பல மரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக விதை எடுத்துச் சேமிப்பது மேல். குன்று வாரியாகத் தனித்தனி உறையில் வைக்கவேண்டும். கடல் மூடுபனியில் நனையும் குன்றின் மரமும் உள்நாட்டு வெயிலில் காயும் குன்றின் மரமும் வெவ்வேறு பழக்கத்துக்கு வந்தவை, கண்டபடி கலக்கக்கூடாது. ஒரு குன்றில் விதையே பிடிக்கவில்லை என்றால், பக்கத்துக் குன்றின் மகரந்தத்தைக் கொண்டுவந்து கையால் தடவிப் பார்க்கலாம்.

திருடர்களிடம் பறிமுதல் செய்த பாலைச் செடிகளுக்கு இந்த வழியும் பல நேரம் அடைபட்டுவிடுகிறது. எந்தக் குன்றில் பிடுங்கியது என்று தெரியாததால் திருப்பி நட முடியாமல், தோட்டங்களில் தொட்டி தொட்டியாகக் கிடக்கின்றன.