நியாகைட்டு: ஒரு குகையின் பெயர்

உயர்நிலை 2-இல் படிக்கும் அண்டை வீட்டுப் பையன் பள்ளி விடுமுறையில் மலேசியாவின் சரவாக் மாநிலத்திலுள்ள நியா குகைகளுக்குப் போய் வந்தான். தமிழ் வகுப்பில் அதைப் பற்றிப் பேச வேண்டுமாம். "ஆன்ட்டி, நியாஹைட்டுக்குத் தமிழில் என்ன சொல்?" என்று வந்து நின்றான். அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நியாகைட்டு ஓர் அரிய பாஸ்பேட்டுக் கனிமம். வெளிர் ஆரஞ்சு நிறம். அமோனியம், மாங்கனீசு, பாஸ்பேட்டு ஆகியவற்றோடு நீரும் சேர்ந்தது. மாங்கனீசின் இடத்தில் சிறிதளவு மக்னீசியமும் கால்சியமும் புகுந்திருக்கும். நியா பெருங்குகையில் கிடைத்த இதை 1983-இல் புதிய கனிமமாக அறிவித்தார்கள். குகைக்குள் காலங்காலமாகக் குவியும் வவ்வால் எச்சம் மட்கும்போது அமோனியாவும் பாஸ்பேட்டும் வெளிப்படுகின்றன. அவை ஈரத்தில் கரைந்து உலோகங்களோடு சேர, நுண்ணிய படிகங்கள் உருவாகின்றன.

பெயரின் பின்பாதியான 'ஐட்டு' (-ite) கிரேக்க விகுதி. 'சார்ந்தது' என்று பொருள். ஆக, 'நியாவைச் சார்ந்தது'. ஊர்ப்பெயரை மொழிபெயர்க்க முடியாது. 'நியாக்கல்' என்று சொல்லிப் பார்த்தேன். படிகத்துளியைக் கல் என்பது பொருந்தவில்லை. நியாகைட்டு என்றே எழுதலாம். ஹ போய் க வந்துவிட்டதே என்று வருந்தவும் வேண்டாம். 'அகம்', 'பகல்' என்று சொல்லிப் பாருங்கள், நடுவிலுள்ள ககரம் ஹகரத்தை நெருங்கித்தான் ஒலிக்கிறது.

அப்புறம், இதோடு ஒட்டி வரும் 'குவானோ'. வவ்வால் எச்சத்துக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். எனக்கு இந்தச் சொல்தான் அதிகம் பிடித்தது. தென்னமெரிக்காவின் கெச்சுவா மொழியில் 'வானு' என்றால் நிலத்துக்கு உரமாகப் போடும் சாணம். ஸ்பானியர் வாயில் அது குவானோ ஆனது. நம் 'எரு' இதற்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் 'எச்சம்' என்றே பலரும் எழுதுகிறோம். எச்சம் என்பது எஞ்சியது. பெயரெச்சம், வினையெச்சத்தில் இருக்கும் அதே சொல். தவறில்லை, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மூட்டை கட்டி வயலுக்குப் போனால் அது எரு. யாரும் தொடாமல் குகைத் தரையில் கிடக்கும்வரை எச்சம். கனிமம் பிறப்பது அங்கேதான் என்பதால், நியாகைட்டைப் பற்றிப் பேசும்போது எச்சமே சரி.

'வவ்வால் எச்சத்தில் விளைந்த நியாகைட்டு' என்று பையன் தன் பேச்சுக்குத் தலைப்பு எழுதிக்கொண்டான்.