கம்பைன் சிந்தும் கோதுமை: வயலில் பச்சைக் கோடு விழுவது ஏன்?

அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். அறுவடை முடிந்த கோதுமை வயல், எங்கும் காய்ந்த தாள், நடுநடுவே ஒரே இடைவெளி விட்டு நீளநீளமாகப் பச்சைக் கோடுகள். பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவன், வேலை செய்துகொண்டே ஊர் சுற்றும் விசாவில் மேற்கு ஆஸ்திரேலியா போய், மெரெடின் பக்கம் ஒரு பண்ணையில் அறுவடை வேலைக்குச் சேர்ந்திருந்தான். "அழகா இருக்கே, ஊடுபயிரா?" என்று கேட்டேன். "இல்ல மாமா, நாங்க சிந்துன கோதுமை. மழை பெஞ்சதும் முளைச்சிருச்சு" என்றான்.

அந்தக் கோடுகளை உற்றுப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். அவன் ஓட்டிய கம்பைன் என்ற அறுவடை இயந்திரம் முன்பக்கம் 12 மீட்டர் அகலத்துக்குப் பயிரை அறுக்கிறது, ஆனால் அறுத்ததெல்லாம் ஒன்றரை மீட்டர் அகல உடம்புக்குள் புகுந்துதான் பின்னால் வெளியே வருகிறது. அதனால் வயல் முழுக்கப் பரவலாக முளைத்திருந்தால் மணி முன்பக்கம் அடிபட்டு உதிர்ந்திருக்கிறது (அல்லது அறுப்பதற்கு முன்பே தானாக விழுந்திருக்கிறது), கோடாக முளைத்திருந்தால் பின்பக்கம் கொட்டியிருக்கிறது. வைக்கோலையும் உமியையும் அகலமாக வீசியடிக்கும் கருவி ஓடினால் இந்த வித்தியாசம் கலைந்துபோகும். அங்கே பலர் களை விதைகளையும் உமியோடு சேர்த்து ஒரே வரிசையில் விழ வைத்து அடக்குகிறார்கள், அதனால்தான் கோடு அவ்வளவு சுத்தமாகத் தெரிந்தது.

கம்பைன் என்ற பெயரே பல வேலைகளை ஒன்றாகச் சேர்த்ததால் வந்தது. அறுப்பு, கதிரடிப்பு, தாளை உதறிப் பிரிப்பது, தூற்றுவது, ஆக ஒரு களத்துமேடே சக்கரம் வைத்து ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வேலையிலும் மணி சிந்தும், நான்குக்கும் வேறுவேறு வைத்தியம். எங்கே சிந்துகிறது என்று பார்க்காமல் திருகைத் திருப்புவது, எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்காமல் பிடுங்குகிற மாதிரி.

பார்ப்பது எப்படி? எண்ணித்தான். ஒரு கோதுமை மணி சுமார் 35 மில்லிகிராம். ஹெக்டருக்கு 100 கிலோ வீணாகிறது என்றால் சதுர மீட்டருக்கு 10 கிராம், அதாவது 285 மணி அளவுக்குத் தரையில் கிடக்கும். பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர் வைத்து ஒரு சதுரச் சட்டம் செய்து தரையில் போட்டால் அதற்குள் 25, 26 மணி. ஹெக்டருக்கு 2 டன் விளையும் வயலில் 100 கிலோ என்பது 5 சதவீதம், எந்த முதலாளியும் முகம் சுளிப்பார். நன்றாகத் திருத்திய இயந்திரத்தில் ஒன்று இரண்டு சதவீதத்துக்குள் நிறுத்தலாம். ஆனால் ஒரு கணக்கை மறக்கக்கூடாது: 12 மீட்டரில் அறுத்தது ஒன்றரை மீட்டரில் விழுகிறது, எட்டு மடங்கு நெருக்கம். கோட்டுக்குள் சட்டத்தைப் போட்டு 200 மணி எண்ணி நெஞ்சைப் பிடித்துக்கொள்பவர், அதை எட்டால் வகுத்தால் 25 என்பதையும் பார்க்க வேண்டும்.

முன்பக்கச் சிதறலைத் தனியாகப் பிரிக்க, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை நிறுத்தி, தன் நீளத்துக்குப் பின்னால் எடுக்க வேண்டும். அறுக்காத பயிருக்குள் ஓர் எண்ணிக்கை, அறுத்தும் இன்னும் வைக்கோல் விழாத இடத்தில் ஓர் எண்ணிக்கை, பின்னால் கோட்டில் ஓர் எண்ணிக்கை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் திருடன் யார் என்று தெரிந்துவிடும். இஞ்சினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்களாம், அது சரிதான்.

முன்பக்கத்தில் பெரும்பாலும் குற்றவாளி ரீல், பயிரைக் கத்தி மேல் சாய்த்துக் கொடுக்கும் அந்தச் சுழலும் கூண்டு. வண்டி போகும் வேகத்தைவிட அது கொஞ்சம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். ரொம்ப வேகமாகச் சுற்றினால் காய்ந்த கதிரை அடித்து உதிர்த்துவிடும், மெதுவாகச் சுற்றினால் அறுந்த கதிர் உள்ளே வராமல் முன்னால் விழும். உயரமும் அப்படித்தான், கதிருக்குச் சற்றுக் கீழே தண்டில் பட வேண்டும், கதிர் மேலேயே அடிக்கக் கூடாது.

உள்ளே போனால் டிரம், கதிரை அடித்து மணியைக் கழற்றும் சுழல் உருளை. கோதுமைக்கு அதன் விளிம்பு நொடிக்கு 25 முதல் 30 மீட்டர் வேகத்தில் ஓடும். மணிக்கு 100 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் நம் கார் போகிற வேகத்தில் ஓர் இரும்புப் பட்டை கதிரை அடிக்கிறது. கீழே வளைந்த கிராதி ஒன்று இருக்கும், கான்கேவ் என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் உரசித்தான் மணி கழல்கிறது. பின்னால் விழுந்த கதிரில் மணி ஒட்டிக்கொண்டே இருந்தால் இடைவெளியைக் குறைக்கலாம், வேகத்தைக் கூட்டலாம். மணி சேரும் தொட்டியில் உடைந்த மணி தெரிந்தால் முதலில் வேகத்தைக் குறைக்க வேண்டும், மணியை உடைப்பதில் இடைவெளியைவிட வேகத்துக்குத்தான் பங்கு அதிகம். அளவுக்கு மீறி அடித்தால் தாளும் பொடிப்பொடியாகி அடுத்த கட்டத்தில் சல்லடை மேல் குவியும், அங்கே ஆரம்பிக்கும் வேறு தலைவலி. காலையில் சரியாக வைத்தது மதியம் சரியாக இருக்காது என்பதுதான் கொடுமை. வெயில் ஏற ஏறத் தாள் மொறுமொறுவென்று நொறுங்கும், பனி இறங்கினால் கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும்.

இனி அந்தப் பச்சைக் கோட்டுக்கு வருகிறேன், அது தூற்றும் இடத்தில் நடந்த கூத்து. சல்லடைக்குக் கீழிருந்து ஒரு காற்றாடி ஊதும். கோதுமை மணி காற்றில் விழும்போது அதன் உச்ச வேகம் நொடிக்கு 7, 8 மீட்டர் அளவு, உமிக்கு 2 மீட்டரைச் சுற்றித்தான். இந்த இரண்டுக்கும் நடுவே காற்றை வைத்தால் உமி பறக்கும், மணி இறங்கும். எங்கள் பாட்டி எஸ்டேட் வீட்டு வாசலில் முறத்தைத் தலைக்கு மேல் தூக்கி நின்றதும் இதே கணக்குத்தான். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று சொன்னவர்கள் எவ்வளவு காற்று என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

அக்கா மகன் பின்னால் மணி விழுவதைப் பார்த்தான். காற்று அடித்துக்கொண்டு போகிறது என்று நினைத்துக் காற்றைக் குறைத்தான். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். மணி இன்னும் கூடுதலாகக் கொட்டியது. மறுபடி குறைத்தான். மாலையில் முதலாளி வந்து, ஓட்டத்தின் நடுவிலேயே சட்டென்று இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, பக்கத்துக் கதவைத் திறந்து காட்டினாராம். சல்லடை மேல் உமியும் பொடித்தாளும் நான்கு விரல் தடிமனுக்கு மெத்தை மாதிரி படிந்திருந்தது. காற்று போதாமல் உமி மிதக்கவில்லை, மெத்தைக்கு மேலே சவாரி செய்த மணிக்குச் சல்லடைத் துளை கண்ணிலேயே படவில்லை, அப்படியே பின்னால் போய் விழுந்தது. காற்றைக் கூட்டியதும் மெத்தை பிளந்து மணி இறங்க ஆரம்பித்தது. காற்று அதிகமானாலும் பின்னால் மணி விழும், குறைந்தாலும் விழும், வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஓட்டுபவர் இருக்கையில் இழப்பைக் காட்டும் திரை இருந்ததே என்று கேட்டேன். இருந்தது. சல்லடையின் முனையில் ஒரு சின்னத் தட்டு, மணி தட்டும் சத்தத்தை எண்ணும். ஆனால் அது கூடுகிறதா குறைகிறதா என்று மட்டும்தான் சொல்லும், எத்தனை கிலோ என்று சொல்லத் தெரியாது. தரையில் எண்ணி, அந்த எண்ணுக்கு முள் எங்கே நிற்கிறது என்று நாம்தான் குறித்துக்கொள்ள வேண்டும். வண்டி வேகத்துக்கு அது ரொம்பவே உதவும், ஏனென்றால் ஓர் அளவு வரை வேகத்தைக் கூட்டினாலும் இழப்பு பெரிதாக ஏறாது, அந்த அளவைத் தாண்டினால் மணிக்கு ஒரு கிலோமீட்டர் கூட்டினாலே விறுவிறுவென்று ஏறிவிடும். அப்புறம் இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒரு திருகை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

இதெல்லாம் கேட்டபிறகு எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. பழைய ரீப்பர் கட்டையில் 30 சென்டிமீட்டர் சட்டம் ஒன்று அடித்துக்கொண்டு, செபராங் பிறையில் பெனாகா பக்கம் நெல் அறுவடை நடந்த ஒரு வயலுக்குப் போனேன். நம் சேற்றுக்கு ஏற்ற சங்கிலிப் பட்டை போட்ட இயந்திரம், வேலை முடித்து வரப்போரம் நின்றது. வைக்கோலை ஒதுக்கி, குத்தவைத்து எண்ணினேன், 112 நெல். ஒரு நெல் 25 மில்லிகிராம் என்று கைப்பேசியில் கணக்குப் போட்டு, ஹெக்டருக்கு 300 கிலோவுக்கு மேல் போச்சு என்று ஓட்டுநரிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் சிகரெட்டை எடுத்துவிட்டு, இயந்திரத்தின் முன்பக்கத்தை ஒருமுறை கையால் காட்டினார், பின்பக்கத்தை ஒருமுறை காட்டினார். நான் சட்டத்தைப் போட்டிருந்தது சரியாக வைக்கோல் வரிசையின் நடுவில்.