டிரான்ஸ்பார்மர் வரைக்கும்தான் வீரம்

காலை ஐந்தரை மணிக்குப் பேப்பர் போடும் பையன் எங்கள் தெருவுக்குள் சைக்கிளைத் திருப்பியதும் இரண்டு காலையும் ஹேண்டில்பார் உயரத்துக்குத் தூக்கிக்கொள்வான். எங்கள் தெரு நாய் மணி எந்தச் சந்திலிருந்து பாயும் என்று அவனுக்குத் தெரியும். குரைத்துக்கொண்டே துரத்தும், பெடலுக்கு ஒரு சாண் தூரம் வரை வாயைக் கொண்டுபோகும், டிரான்ஸ்பார்மர் வந்ததும் பிரேக் பிடித்ததுபோல நின்றுவிடும். அங்கே யாரும் கோடு கிழித்து வைக்கவில்லை. நின்று, கம்பத்தடியில் காலைத் தூக்கி ஒரு சொட்டு விட்டுவிட்டு, வேலை முடிந்த தோரணையில் திரும்பி நடக்கும். டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் செவலை என்ற இன்னொரு நாய். மீதித் தெருவுக்கு அது பொறுப்பு.

தன் ஊருக்கு ஆனை, அயலூருக்குப் பூனை என்பார்கள். பழமொழி சொல்வது சரிதான். ஆனால் ஏன்? டிரான்ஸ்பார்மரைத் தாண்டியதும் மணிக்குப் பல் மழுங்கிவிடுகிறதா என்ன?

இந்தக் கேள்விக்கு உருப்படியான முதல் பதில்களில் ஒன்று ஒரு பட்டாம்பூச்சியிடமிருந்து கிடைத்தது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பக்கத்தில் வைத்தம் என்றொரு காடு. மரங்கள் அடர்ந்த இடம் என்பதால் தரையில் வெயில் அங்கங்கே திட்டுத்திட்டாகத்தான் விழும். ஸ்பெக்கிள்ட் வுட் என்ற பழுப்பு நிறப் பட்டாம்பூச்சியின் ஆண்களுக்கு இந்த வெயில் திட்டுகள் மீதுதான் கண், ஏனென்றால் பெண் பூச்சிகள் தேடி வருவது அங்கேதான். ஒரு திட்டுக்கு ஓர் ஆண். இடம் கிடைக்காதவை மேலே மரக்கிளைகளுக்கிடையே சுற்றித் திரியும். வெளியாள் ஒருவன் திட்டுக்குள் இறங்கினால் உள்ளே இருப்பவன் எழும்பி வருவான். இரண்டும் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி, கயிறு முறுக்குவதுபோல மேலே ஏறும். மூன்று நான்கு விநாடிதான். பிறகு ஒன்று மரத்துக்குப் போய்விடும், மற்றது வெயிலுக்குத் திரும்பும். திரும்புவது எப்போதும் பழைய ஆள்தான்.

நிக் டேவிஸ் என்ற ஆய்வாளர் இதைப் பார்த்துவிட்டு, வலுத்தவன்தான் திட்டைப் பிடித்து வைத்திருக்கிறான் என்று முடிவுகட்டியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் வலையை எடுத்தார். திட்டில் இருந்த ஆணைப் பிடித்துவைத்தார். காலி இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. அது உட்கார்ந்து சில விநாடிகளே ஆகியிருந்தாலும் சரி, பழைய ஆளை விடுவித்தபோது தோற்றுப்போனது பழைய ஆள். நேற்றுவரை வென்றுகொண்டிருந்த அதே பூச்சி, அதே சிறகு, அதே உடம்பு. மாறியது ஒன்றுதான்: இப்போது அது வெளியாள்.

1978-ல் வெளியான அந்தக் கட்டுரையில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது அடுத்த சோதனை. டேவிஸ் சாமர்த்தியமாக, ஒரே திட்டில் இரண்டு ஆண்கள் ஒன்றையொன்று கவனிக்காமல் உட்காரும்படி செய்தார். இரண்டுமே இடம் தன்னுடையது என்ற நிலையில் சந்தித்துக்கொண்டன. இந்தமுறை கயிறு முறுக்கும் சண்டை சராசரியாக 40 விநாடி நீண்டது. வழக்கத்தைப்போலப் பத்து மடங்கு.

நமக்கு இது புரியாத கணக்கு இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். துண்டுக்குச் சட்ட மதிப்பு எதுவும் கிடையாது. ஆனாலும் அறுபது பேர் முண்டியடித்து ஏறும் பஸ்ஸில் பெரும்பாலான துண்டுகள் மதிக்கப்படுகின்றன. சண்டை எங்கே வருகிறது? ஒருவர் வலப்பக்க ஜன்னலில் துண்டு போட்டு, படி வழியாக ஏறி வருவதற்குள், துண்டைக் கவனிக்காமல் இன்னொருவர் உட்கார்ந்துவிட்ட இடத்தில். இருவருமே உரிமையாளர்கள். அந்தச் சண்டை திண்டிவனம் தாண்டியும் ஓயாது.

பரிணாம ஆய்வாளர்கள் ஜான் மேனார்ட் ஸ்மித்தும் ஜார்ஜ் பிரைஸும் 1973-ல் இதற்குக் கணிதம் எழுதினார்கள். எதிர்ப்படும் ஒவ்வொருவரோடும் கட்டிப்புரண்டால், கிடைக்கும் இடத்தின் மதிப்பைவிடக் காயத்தின் செலவு கூடிப்போகும். யாரைக் கண்டாலும் ஒதுங்கினால் இடமே கிடைக்காது. பிறகு வந்த ஆய்வுகளில் மூன்றாவதாக ஒரு வழி சேர்ந்தது: நீ முதலில் வந்திருந்தால் சண்டை போடு, பிறகு வந்திருந்தால் விலகு. கூட்டத்தில் பெரும்பாலோர் இந்த விதியின்படி நடந்தால் மீறுபவருக்குத்தான் நஷ்டம் என்று கணக்கு காட்டியது. இந்த உத்திக்கு மேனார்ட் ஸ்மித் வைத்த பெயர் ‘பூர்ஷ்வா’, கம்யூனிஸ்ட் பேச்சில் சொத்துக்காரன். அவர் பழைய கம்யூனிஸ்ட் கட்சிக்காரர் என்பதைத் தெரிந்துகொண்டு படித்தால் பெயரின் குறும்பு புரியும்.

டேவிஸின் முடிவை எல்லோரும் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. வெயிலில் இருந்த பூச்சிக்கு உடம்பு சூடேறியிருக்கும், அதனால்தான் ஜெயிக்கிறது என்று பின்னால் ஒரு வாதம் வந்தது. அதை மறுத்தும் ஆய்வுகள் வந்தன. எல்லா விலங்குகளும் சில விநாடியில் உரிமையாளராகிவிடுவதும் இல்லை. நம்மூர்ப் பட்டாணிக்குருவிக்குச் சொந்தமான கிரேட் டிட் பறவைகளில் ஜான் கிரெப்ஸ் இதே ‘பிடித்துவைத்து விடும்’ சோதனையைச் செய்தபோது, புது ஆள் எவ்வளவு நேரம் குடியிருந்ததோ அவ்வளவுக்குச் சண்டை கடுமையானது. குடியிருக்கக் குடியிருக்கத்தான் இடத்தின் அருமை தெரிகிறது: எந்த மரத்தில் புழு, எந்தப் புதரில் ஒளியலாம், பக்கத்து வீட்டுக்காரன் யார். அதை இழப்பது புதிதாக வந்தவனுக்குக் கிடைக்கப்போகும் லாபத்தைவிடப் பெரிது. சொந்த ஊரில் ஆனையாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சண்டையே வராமல் பார்த்துக்கொள்வதுதான் எல்லைக் காப்பின் முக்கால்வாசி. புலி இதில் கெட்டிக்காரன். மரத்தில் பீய்ச்சி வைக்கும் நீரில் சிறுநீரோடு கொழுப்பும் சேர்ந்திருப்பதால் வாசனை சீக்கிரம் பறந்துபோகாது. கொல்கத்தாவைச் சேர்ந்த ஆர். எல். பிரம்மச்சாரி அந்த நீரை ஆராய்ந்து, அதில் பாசுமதி அரிசிக்கு மணம் தரும் அதே வேதிப்பொருள் இருப்பதைக் கண்டுபிடித்தார். இலங்கைச் சமையலில் கறிக்குப் போடும் ரம்பை இலையின் மணமும் அதுவேதான். முதுமலைக் காட்டில் திடீரெனப் பிரியாணி வாசம் வந்தால் அடுப்பைத் தேட வேண்டாம்.

பறவைக்குப் பாட்டுதான் வேலி. கிரெப்ஸ் வைத்தம் காட்டில் சில கிரேட் டிட் ஆண்களை அப்புறப்படுத்திவிட்டு, சில காலி இடங்களில் ஒலிபெருக்கியில் அவற்றின் பாட்டை ஒலிக்கவிட்டார். பாட்டில்லாத இடங்களுக்குச் சில மணி நேரத்திலேயே புதுக் குடித்தனம் வந்தது. பாட்டு ஒலித்த இடங்கள் அதற்குப் பிறகும் நெடுநேரம் காலியாகவே கிடந்தன. பறவை இல்லை, பாட்டு மட்டும் காவல் காத்தது.

இனி ராணுவத்துக்கு வருவோம். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் நடுவே உள்ள மெய்யான கட்டுப்பாட்டுக் கோட்டில் பெரும்பகுதிக்கு வேலி கிடையாது. ரோந்துப் படைகள் குறிப்பிட்ட புள்ளி வரை நடந்துபோய்த் திரும்பும். வந்துபோனதற்கு அடையாளமாகக் காலி டின்னோ சிகரெட் பெட்டியோ விட்டுவரும். பாறைகளில் பெயின்ட் அடித்து நாட்டின் பெயர் எழுதியதும் உண்டு. இரு ரோந்துகள் நேருக்கு நேர் வந்துவிட்டால் துணிப் பதாகையை விரித்துப் பிடிப்பார்கள். இது எங்கள் இடம், திரும்பிப் போங்கள் என்று அதில் எழுதியிருக்கும். இதற்கு ‘பேனர் டிரில்’ என்றே பெயர். மணி கம்பத்தடியில் செய்வதை மனிதன் மொழியில் செய்கிறான்.

காவலுக்கு ஆகும் செலவுக்கும் கணக்கு உண்டு. பிராங்க் கில், லாரி உல்ஃப் என்ற இருவர் கென்யாவில் பொன்சிறகுத் தேன்சிட்டை வைத்து அதைப் போட்டுப் பார்த்தார்கள். அந்தச் சிட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார 400 கலோரி, பூப்பூவாகத் தேன் குடிக்க 1,000, எதிரியைத் துரத்த 3,000 செலவாகும் (நாம் சோற்றுக்குச் சொல்லும் கலோரியில் இது ஆயிரத்தில் ஒரு பங்கு). கண்டவர்களும் குடித்துப்போகும் பூக்களில் ஒரு மைக்ரோலிட்டர் தேன்தான் இருக்கும் என்றால், வயிற்றுப்பாட்டுக்கே எட்டு மணி நேரம் உழைக்க வேண்டும். காவல் காத்து அதை இரண்டு மைக்ரோலிட்டராக்கினால் நான்கு மணி நேரம் போதும். மிச்சமான நான்கு மணி நேரமும் உட்கார்ந்திருந்தால் சேமிப்பு 2,400 கலோரி. துரத்தல் ஒரு நாளைக்குப் பதினேழு நிமிடம். அதற்குக் கூடுதல் செலவு ஏறக்குறைய 730. நல்ல லாபம். ஆனால் பூக்களில் ஏற்கெனவே நான்கு மைக்ரோலிட்டர் இருந்து, காவலால் அது ஆறாகும் என்றால் மிச்சம் 400 கலோரி சொச்சம்தான். துரத்தும் செலவுக்கே காணாது. அப்படிப்பட்ட நாளில் சிட்டு தோட்டத்தைத் திறந்துவிட்டுவிடும்.

2020-ல் தைவானும் இதே கணக்கில்தான் மாட்டியது. சீனப் போர் விமானங்கள் தைவானின் வான் பாதுகாப்பு அடையாள மண்டலத்துக்குள் அடிக்கடி வரத் தொடங்கின. கரையிலிருந்து 22 கிலோமீட்டர் வரை உள்ள சொந்த வான்பரப்பு வேறு, இது அதற்கும் வெளியே ஒரு முன்னெச்சரிக்கை வட்டம். ஒவ்வொரு முறையும் தைவான் விமானங்கள் எழும்பிப் போய் விரட்டின. அந்த ஆண்டு அக்டோபருக்குள் 2,972 முறை பறந்துவிட்டதாகவும், 2,550 கோடி தைவான் டாலர் செலவானதாகவும் அரசே சொன்னது. எரிபொருள் தீர்கிறது, இன்ஜின் தேய்கிறது, விமானி களைக்கிறார். பெரிய படை வைத்திருக்கும் சீனாவால் அந்தச் செலவைத் தாங்க முடியும். 2021 மார்ச்சில் தைவான் முறையை மாற்றிக்கொண்டதாக அறிவித்தது: ஒவ்வொன்றுக்கும் விமானம் அனுப்புவதில்லை, தரையிலிருந்து ஏவுகணைப் படையின் ரேடாரால் பின்தொடர்வோம். உட்கார்ந்தபடியே முறைத்துப் பார்ப்பது. சிட்டுக்கு அதில் 400 கலோரிதான்.

யாரைக் காவலுக்கு அனுப்புவது என்பதில் மட்டும் எறும்பும் நாமும் நேரெதிர். மாமரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு, தன் எல்லையோரத்தில் தனிக் கூடுகளை வைத்திருக்கும். பாசறை மாதிரி. அவற்றில் இருப்பவை வயதான வேலைக்கார எறும்புகள். எதிரி வந்தால் முதலில் சாவதும் அவைதான். இன்னும் உழைக்க நாளிருக்கும் இளசுகள் உள்ளே பத்திரமாக இருக்கும். நாம் பதினெட்டு வயதுப் பையனை அனுப்புகிறோம்.

ஊர்க்காரர்களையே ஊர்க்காவலுக்கு வைக்கும் முறை ராணுவங்களிலும் உண்டு. உக்ரைனில் பிராந்தியப் பாதுகாப்புப் படைக்கான சட்டம் 2022 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே ரஷ்யா படையெடுத்தது. எந்தச் சந்து எந்தப் பாலத்தில் முடியும் என்பது உள்ளூர்க்காரருக்குத்தானே தெரியும். இந்தியாவின் பிராந்திய ராணுவம் இதிலிருந்து கொஞ்சம் மாறுபட்டது. 1949 அக்டோபர் 9 அன்று ராஜாஜி தொடங்கிவைத்த இந்தப் படையில் வேலை, தொழில் பார்த்துக்கொண்டே ஆண்டுதோறும் பயிற்சி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். வழக்கமான ராணுவத்தின் சுமையைக் குறைப்பதுதான் அதன் முதல் வேலை.

போன வருடம் எங்கள் தெருவில் டேவிஸின் சோதனை தானாகவே நடந்தது. கருத்தடைக்காக மணியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்பது விதி, அதில் ஞானம் இருக்கிறது. இடம் காலியானால் வேறு நாய் வந்துவிடும். ஆனால் திரும்பி வருவதற்கு ஐந்து நாள் ஆகிவிட்டது. அதற்குள் செவலை டிரான்ஸ்பார்மரைத் தாண்டி, எங்கள் வாசல் வரை காலைத் தூக்கி முடித்திருந்தது. காதில் வெட்டு அடையாளத்தோடு மணி இறங்கிய அன்று ராத்திரி தொடங்கிய சண்டையில் மூன்று நாள் தெருவில் யாரும் தூங்கவில்லை. அதற்கு முன்பு இரண்டு வருடமாக அவை ஒன்றையொன்று கடித்து நான் பார்த்ததே இல்லை.

இரண்டு பேருமே தன் இடத்தில் நிற்பதாக நம்பும்போது என்ன ஆகும் என்பதற்கு மெய்யான கட்டுப்பாட்டுக் கோடே பெரிய உதாரணம். இந்தியாவின் கணக்கில் அதன் நீளம் 3,488 கிலோமீட்டர். சீனா சொல்வது சுமார் 2,000. கோட்டின் நீளமே ஒத்துவரவில்லை என்றால் அது எங்கே ஓடுகிறது என்பதில் ஒத்துவருமா? பல இடங்களில் இருவர் ரோந்துப் பாதையும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. துப்பாக்கி வெடிக்காமல் இருக்க 1993, 1996 ஒப்பந்தங்கள் போடப்பட்டன. 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் துப்பாக்கி வெடிக்கவில்லைதான். கல்லாலும் ஆணி அடித்த தடியாலும் அடித்துக்கொண்டார்கள். இந்திய வீரர்கள் 20 பேர் இறந்தார்கள், ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி அவர்களில் ஒருவர். தன் பக்கம் நான்கு பேர் இறந்ததாகச் சீனா எட்டு மாதம் கழித்து ஒப்புக்கொண்டது.

ஒப்பீட்டை இதற்குமேல் இழுத்தால் அறுந்துவிடும். பட்டாம்பூச்சிக்கு வரைபடம் கிடையாது, தாத்தா சொன்ன கதை கிடையாது, தேர்தல் கிடையாது. வெயில் நகர்ந்தால் அதுவும் நகர்ந்துவிடும். ஒரு நாடு தான் காலே வைக்காத இடத்தைக்கூடத் தன்னுடையது என்று நூறு வருடம் நினைவில் வைத்திருக்கும். விலங்கும் இப்படித்தான், அதனால் போர் இயற்கை என்று பேசுபவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. விலங்கு பெரும்பாலும் கத்திவிட்டு வீட்டுக்குப் போகிறது.

பழகிய பக்கத்து வீட்டுக்காரனை விலங்கு வேறு மாதிரி நடத்துவதும் உண்டு. அதற்கு ‘அன்பான எதிரி’ என்று ஜேம்ஸ் ஃபிஷர் 1954-ல் பெயர் வைத்தார். பல பறவைகளில், அடுத்த எல்லைக்காரனின் பாட்டை வழக்கமான திசையிலிருந்து ஒலித்தால் அலட்டிக்கொள்ளாது. முன்பின் கேட்டிராத பாட்டு என்றால் பாய்ந்து வரும். அதே பக்கத்து வீட்டுக்காரனின் பாட்டு தவறான திசையிலிருந்து வந்தாலும் கோபம்தான். 2024 அக்டோபரில் டெப்சாங், டெம்சோக் பகுதிகளில் ரோந்து பற்றி இந்தியாவும் சீனாவும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. அந்த மாதம் 31-ஆம் தேதி தீபாவளி. எல்லைச் சந்திப்பு இடங்களில் இரு தரப்பு வீரர்களும் இனிப்பு மாற்றிக்கொண்டார்கள். கோடு எங்கே ஓடுகிறது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

எங்கள் தெருவிலும் நான்காம் நாள் அமைதி வந்தது. மணி இப்போது டிரான்ஸ்பார்மர் வரை போவதில்லை. இரண்டு வீடு முன்னதாகவே, இஸ்திரி வண்டி பக்கத்தில் நின்றுவிடுகிறது. பேப்பர் பையன் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டான். இஸ்திரி வண்டி தாண்டியதும் காலைப் பெடலில் வைக்கிறான், நாலு மிதி மிதிக்கிறான், செவலையின் சத்தம் கேட்டதும் திரும்பத் தூக்கிக்கொள்கிறான்.