ஒன்பது அடியில் ஒதுங்கும் மரியாதை

பாம்பனிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "ஒரே வசவுதான் சார். ஒருத்தன் சிரிச்சுட்டுப் போறான், இன்னொருத்தன் அரிவாளைத் தேடுறான். ரத்தத்துலயே இருக்குமோ?"

ரத்தத்தைப் பழிக்கும் பழக்கம் நமக்குப் பழையது. வெள்ளைக்காரன் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டது இதே மூடநம்பிக்கையில்தான். கோபம் வந்தால் அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு படபடக்கும். பள்ளியில் படித்ததுதான், எல்லா ஊர்க்காரருக்கும் பொது. ஆனால் எந்தச் சொல்லுக்குப் படபடக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொடுப்பது ஊர்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர்கள் டோவ் கோஹன், ரிச்சர்ட் நிஸ்பெட் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வு அது. மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்களை ஒவ்வொருவராக ஒரு குறுகலான நடைபாதையில் நடக்கவிட்டார்கள். வழியில் ஓர் ஆள் அலமாரியைக் குடைந்துகொண்டு நிற்பார். மாணவன் திரும்பி வரும்போது இழுப்பறையைப் படாரென்று சாத்தி, தோளால் ஓர் இடி, கூடவே ஒரு கெட்ட வார்த்தை. அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள். பையனுக்குத் தெரியாது.

முன்னும் பின்னும் எச்சிலை எடுத்துச் சோதித்தார்கள். மன அழுத்தத்தில் கூடும் கார்ட்டிசால், திட்டு வாங்கிய அமெரிக்க வடமாநிலப் பையன்களுக்கு 33 சதவீதம் கூடியது. 'மானம்' பெரிதென்று வளர்ந்த அமெரிக்கத் தென்மாநிலப் பையன்களுக்கு 79 சதவீதம். திட்டு வாங்காதபோது இரண்டு பேருக்கும் ஏறத்தாழ ஒரே அளவுதான்.

சரி, இதை நாமே ஊகித்திருப்போம். எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. ஒருவர் ஒதுங்கினால்தான் இன்னொருவர் போக முடியும் என்கிற மாதிரி நடைபாதையை நெருக்கிவிட்டு, எதிரே ஆறேகால் அடி உயரத் தடியர் ஒருவரை விறுவிறுவென்று நடந்து வரச் சொன்னார்கள். பையன் எத்தனை அடி தூரத்தில் வழிவிடுகிறான்? வடக்கத்தியான் திட்டு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் ஒதுங்கினான். திட்டு வாங்கிய தெற்கத்தியான் 3 அடி வரைக்கும் நெருங்கிப் போனான். திட்டு வாங்காத தெற்கத்தியான்? 9 அடியிலேயே ஒதுங்கி வழிவிட்டான்! அத்தனை பேரிலும் பணிவானவன் அவன்தான்.

இந்த ஒன்பது அடியை நினைத்து நினைத்து வியக்கிறேன். ஒரு சொல் தவறினால் வெட்டு விழும் என்கிற ஊரில்தான் "வாங்கண்ணே, சாப்பிட்டீங்களா" என்று வாய் நிறையக் கூப்பிடுவார்கள். மரியாதைக்கும் அரிவாளுக்கும் ஒரே வேர்.

அந்த வேர் எப்படி வந்தது என்பதற்கு நிஸ்பெட் சொல்லும் காரணம் ஆட்டு மந்தை. வயலை யாரும் ஓட்டிப் போக முடியாது, மந்தையை ஓர் இரவில் ஓட்டிவிடலாம். அதனால் மேய்ப்பவன் 'இவனிடம் வைத்துக்கொள்ளாதே' என்று பேர் எடுத்தாக வேண்டும். இதை மறுத்தும் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அப்படியே இங்கே ஒட்ட மனமில்லை. நம் கீதாரிகளும் மேய்ப்பவர்கள்தான். ஆனால் வயலில் ஆட்டுக் கிடை போட இடம் தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள், நிலம் வைத்திருக்கும் சம்சாரியை முறைத்தால் பிழைப்பு ஓடாது. இங்கேயே ஒரு நடைபாதை, ஓர் அலமாரி, கொஞ்சம் எச்சில் வைத்து யாராவது அளந்தால் தெரியும். ஒரு கொலை விழுந்தால் பந்தோபஸ்துக்கு ஆகும் செலவில் சிறு பங்கு போதும். அதற்கு மட்டும் நிதி வராது.

போன மாதம் மண்டபம் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் இழுத்தவர் முன்னவர் காலை மிதித்துவிட்டார். அம்மாவை இழுத்து ஒரு வசவு. இரண்டு பேரும் கயிற்றை விடவில்லை, மீன் சேரும் வலைமடி கரையேறியதும் பீடி கைமாறியது. அதே வசவு சாயங்காலம் டீக்கடையில், இருபது பேர் முன்னால் விழுந்திருந்தால்?

ஜோசப் வாண்டெல்லோவும் கோஹனும் 2008இல் காட்டியது இதையொட்டியதுதான்: அடுத்தவன் சண்டையைத்தான் மெச்சுவான் என்று அமெரிக்கத் தென்மாநில ஆண்கள் உள்ளதைவிடக் கூடுதலாக நினைத்துக்கொள்கிறார்கள். அன்றைக்கு டீக்கடையில் நானும் கேட்டுப் பார்த்தேன். வசவு வாங்கியவன் பேசாமல் போனால் சிரிப்பீர்களா?

"நான் ஏன் சார் சிரிக்கிறேன்?" என்றார் டீ மாஸ்டர். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தா பேப்பர் படிக்கிறாரே, அவர் சிரிப்பார்."

பேப்பர்காரரிடம் போனேன். அவர் டீ மாஸ்டரைக் காட்டினார்.